வட்டாரம் ஒன்பது வெண்டும் சபை ஏன் கையில வரேல்ல? உள்ளூராட்சித் தேர்தல் ரிசல்ட்டை எப்பிடி வாசிக்கிறது

தேர்தல் முடிஞ்ச இரவு ரிசல்ட் ஷீட் வாட்ஸ்அப்பில வரத் தொடங்கினா இலங்கையின்ர கிழக்கில இருக்கிற எங்கட திருகோணமலையில எல்லாரும் முதல்ல கேக்கிறது எந்தக் கட்சி எத்தனை வட்டாரம் (சபைக்குள்ள பிரிச்சிருக்கிற சின்னத் தொகுதி) வெண்டது எண்டுதான். உவர்மலை யாருக்கு, பாலையூற்று யாருக்கு, அன்புவழிபுரத்தில என்ன நடந்தது, ஜமாலியாவில எத்தனை வாக்கு வித்தியாசம் எண்டு விடியும்வரைக்கும் போன் அடிச்சுக்கொண்டே இருக்கும். அடுத்தநாள் முழு ஷீட்டும் வந்தா ஆளாளுக்குக் குழப்பம், வட்டாரம் கூட வெண்ட கட்சிக்கு தனிய ஆட்சியமைக்க ஏலாம இருக்கும், ஒரு வட்டாரமும் வெல்லாத கட்சிக்கு ரெண்டு உறுப்பினர் வந்திருக்கும், 20 பேர் இருக்கவேண்டிய சபையில 22 பேர் எண்டு போட்டிருக்கும். உடனே "கள்ளக் கணக்கு" எண்டு ஒரு கதை கிளம்பும். கள்ளக் கணக்கு இல்லை, சட்டத்தில இருக்கிற கணக்குத்தான், ஒருக்கா இருந்து போட்டுப் பாத்தா எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும், ஆனா இதை ஒருத்தரும் ஆறுதலா சொல்லித்தாறேல்ல. அதுக்குத்தான் இதை எழுதுறன்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 2011 தேர்தல் வரைக்கும் இருந்தது விகிதாசார முறையும் (எடுத்த வாக்கு வீதத்துக்கு ஏத்தமாதிரி ஆசனம் குடுக்கிறது) விருப்பு வாக்கும். கட்சிக்கு ஒரு புள்ளடி (X அடையாளம்) போட்டுட்டு கீழ இருக்கிற இலக்கங்களில மூண்டு பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். அதில இருந்த பெரிய குறை, வெண்டு வாற உறுப்பினர் எந்தத் தெருவுக்குப் பொறுப்பு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அதோட ஒரே கட்சி ஆக்களே விருப்பு வாக்குக்காக ஒருத்தரோட ஒருத்தர் அடிபடுவினம். அதை மாத்தி வட்டார முறையையும் விகிதாசாரத்தையும் கலந்து புது முறை கொண்டுவந்து, 2018 பெப்ரவரி 10 தேர்தல்தான் அப்பிடி முதல்முதல் நடந்தது. அடுத்தது 2023 மார்ச்சில நடந்திருக்கவேணும், காசில்லை எண்டு தள்ளிப்போட்டு கடைசியா 2025 மே 6 அண்டைக்கு நடந்தது. அந்தத் தேர்தலுக்கு முதல்தான் எங்கட நகர சபையும் மாநகர சபையா தரம் உயர்ந்தது. மாவட்டத்தில 13 சபை இருக்கு, திருகோணமலை மாநகர சபை, கிண்ணியா நகர சபை, மிச்சம் 11 பிரதேச சபை, மூதூர், வெருகல், குச்சவெளி, தம்பலகாமம், கந்தளாய், சேருவில எண்டு போகும். எல்லாத்துக்கும் ஒரே கணக்குத்தான்.

இப்ப வாக்குச்சீட்டைக் கையில எடுத்து யோசிச்சுப் பாருங்கோ. அதில வேட்பாளர் பேர் இல்லை, விருப்பு இலக்கமும் இல்லை. கட்சிப் பேர், சின்னம், பக்கத்தில வெறும் கட்டம், அவ்வளவுதான், சுயேச்சைக் குழு எண்டா குழு இலக்கமும் சின்னமும். நீங்க போடுறது ஒரே ஒரு புள்ளடி. ஆனா அந்த ஒரு புள்ளடியை ரெண்டு தரம் பாவிக்கினம், இதைப் பிடிச்சா மிச்சமெல்லாம் தானா வரும். முதல்தரம் உங்கட வட்டாரத்துக்குள்ள மட்டும் எண்ணி அங்க கூட வாக்கு எடுத்த கட்சியின்ர ஆள் வெண்டதா அறிவிப்பினம். ரெண்டாந்தரம் முழுச் சபைக்கும் உள்ள எல்லா வட்டார வாக்குகளையும் ஒண்டாக் கூட்டி ஒவ்வொரு கட்சிக்கும் மொத்தமா எத்தனை ஆசனம் சேரவேணும் எண்டு பாப்பினம். பொதுவா 60 சதவீதம் வட்டாரத்தால தெரிவாகும், 40 சதவீதம் பட்டியலால, அதாவது கட்சி குடுக்கிற பேர்ப் பட்டியல்ல இருந்து வரும்.

நிஜ சபையை எடுத்தா அரசியல் கதை வந்திடும், அதால ஒரு கற்பனைச் சபையை எடுப்பம், இலக்கமும் கற்பனை, கட்சிகளும் கற்பனை. மொத்தம் 20 உறுப்பினர், அதில 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்கு 20,000. போட்டியிட்டது வள்ளம், பனை, கலப்பை, மணி எண்டு நாலு கட்சியும் ஒரு சுயேச்சைக் குழுவும்.

முதல்ல ஒரு வட்டாரத்துக்குள்ள போவம். அங்க வள்ளம் 610, பனை 590, கலப்பை 310, மணி 120, சுயேச்சை 40, மொத்தம் 1,670 வாக்கு. வள்ளம் 20 வாக்கால வெண்டாச்சு, அந்த வட்டாரத்தின்ர உறுப்பினர் வள்ளத்தின்ர ஆள். ஆனா பாருங்கோ, 1,670ல 1,060 பேர் அவருக்குப் போடேல்ல. முழுக்க வட்டார முறையா இருந்தா அந்த 1,060 பேரின்ர வாக்குக்கும் அதோட கதை முடிஞ்சது. இதே மாதிரி கொஞ்சம் கொஞ்ச வாக்கால வள்ளம் 9 வட்டாரம் எடுக்குது, பனை 2, கலப்பை 1, மணிக்கும் சுயேச்சைக்கும் ஒண்டும் இல்லை. இந்த இடத்திலதான் இரவு எல்லாரும் பட்டாசு கொளுத்துறது.

இப்ப ரெண்டாம் கணக்கு. முழுச் சபையிலயும் கட்சிகள் எடுத்த வாக்கு: வள்ளம் 7,400, பனை 5,700, கலப்பை 4,300, மணி 1,950, சுயேச்சை 650. கூட்டினா 20,000. செல்லுபடியான வாக்கை மொத்த உறுப்பினர் தொகையால பிரிக்கவேணும், 20,000ஐ 20ஆல பிரிச்சா 1,000. அதாவது ஒரு ஆசனத்தின்ர பெறுமதி 1,000 வாக்கு. இதில நிராகரிச்ச வாக்கைச் சேக்கிறேல்ல, ஷீட்டின்ர அடியில "அளிக்கப்பட்ட வாக்குகள்" எண்டு கிடக்கிற பெரிய இலக்கத்தை எடுத்துப் பிரிச்சுட்டு விடை பிழைக்குது எண்டு சொல்லுறவை கனபேர், எடுக்கவேண்டியது செல்லுபடியான வாக்கு.

இனி ஒவ்வொரு கட்சியின்ர வாக்கையும் 1,000ஆல பிரியுங்கோ. வள்ளத்துக்கு 7, மிச்சம் 400 வாக்கு. பனைக்கு 5, மிச்சம் 700. கலப்பைக்கு 4, மிச்சம் 300. மணிக்கு 1, மிச்சம் 950. சுயேச்சைக்கு முழுசா ஒண்டும் இல்லை, மிச்சம் 650. முழு இலக்கங்களைக் கூட்டினா 17, இன்னும் 3 ஆசனம் குடுக்கக் கிடக்கு. அந்த மூண்டையும் மிச்ச வாக்கு ஆருக்குக் கூட எண்டு பாத்து வரிசையாக் குடுக்கிறது. மணி 950, அதுக்கு ஒண்டு. பனை 700, அதுக்கு ஒண்டு. சுயேச்சை 650, அதுக்கு ஒண்டு. மூண்டும் முடிஞ்சுது. இதில அரைக்கு மேல எண்டா கூட்டுறது, அரைக்குக் கீழ எண்டா விடுறது எண்டு பள்ளிக்கூடத்தில படிச்ச மாதிரி நினைக்காதீங்கோ. குடுக்க 2 ஆசனம்தான் மிஞ்சியிருந்தா சுயேச்சைக்கு 650 இருந்தும் ஒண்டும் கிடைச்சிராது. எத்தனை ஆசனம் மிஞ்சுது, ஆர் வரிசையில முன்னுக்கு நிக்கினம், அதுதான் விஷயம். சின்னக் குழுக்கள் சபைக்குள்ள வாறது பெரும்பாலும் இந்த மிச்ச வாக்கு வாசலாலதான்.

ஆகவே சேரவேண்டியது: வள்ளம் 7, பனை 6, கலப்பை 4, மணி 2, சுயேச்சை 1. மொத்தம் 20.

அடுத்ததா, ஏற்கெனவே வட்டாரத்தில எடுத்ததைக் கழிக்கவேணும். பனைக்குச் சேரவேண்டியது 6, வட்டாரத்தில 2 எடுத்தாச்சு, பட்டியல்ல இருந்து 4. கலப்பைக்கு 4ல 1 போக 3. மணிக்கு 2ம் பட்டியல்தான். சுயேச்சைக்கு 1ம் பட்டியல்தான். வள்ளத்துக்கு? சேரவேண்டியது 7, வட்டாரத்தில வெண்டது 9. ரெண்டு கூடப் போச்சு. மக்கள் வாக்குப் போட்டு வெல்லவச்ச ஆளை "நீ வேண்டாம் போ" எண்டு அனுப்ப ஏலாது, அதால அந்த 9 பேரும் இருப்பினம், ஆனா பட்டியல்ல இருந்து வள்ளத்துக்கு ஒருத்தரும் இல்லை. மற்றவைக்குச் சேரவேண்டியதையும் குறைக்க ஏலாது. பட்டியல்ல 4, 3, 2, 1 எண்டு 10 பேர், வட்டாரத்தில 12 பேர், சபை 22 ஆகுது. அந்தக் கூடின ரெண்டைத்தான் தொங்கு ஆசனம் எண்டு சொல்லுறது. 20 பேர் சபை 22 ஆன மாயம் இவ்வளவுதான்.

நிஜத்தில பாக்கவேணும் எண்டா 2025ல கொழும்பு மாநகர சபையை எடுங்கோ. அங்க சட்டப்படி 110 உறுப்பினர். அப்ப நாட்டின்ர ஆளுங்கட்சியா இருந்த தேசிய மக்கள் சக்தி எடுத்த வாக்கு கிட்டத்தட்ட 37 சதவீதம், 110ல 37 சதவீதம் எண்டா 41 ஆசனம் அளவில வரும். ஆனா அவைக்குக் கிடைச்சது 48, ஏழு கூட. அந்த ஏழும் சேந்து சபை 117 ஆச்சுது. பேப்பரில 48 எண்டதையும் 117 எண்டதையும் மட்டும் பாத்தா தலை சுத்தும், இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தா சரியா வந்து நிக்கும். இதில ஒண்டைக் கவனிக்கவேணும், நீங்க உங்கட ஊர்ச் சபைக்குக் கணக்குப் போடேக்க கடைசியா வந்த கூடின தொகையால பிரிக்கக்கூடாது, தேர்தலுக்கு முதல் வர்த்தமானியில (அரசாங்கத்தின்ர அறிவித்தல் இதழ்) போட்ட தொகையாலதான் பிரிக்கவேணும். 117ஆல பிரிச்சா எல்லாம் பிழைக்கும்.

சரி, இப்ப ஆட்சி ஆருக்கு. எங்கட கற்பனைச் சபையில 22 பேர், பாதிக்கு மேல எண்டா 12. வள்ளத்திட்ட 9தான், இன்னும் 3 பேர் வேணும். சபை 20ஆவே இருந்திருந்தா 11 போதும், 2 பேரைப் பிடிச்சாச் சரி. அதாவது வட்டாரத்தில அளவுக்கு மிஞ்சி வெண்டபடியாலேயே பெரும்பான்மை இன்னும் ஒரு படி தள்ளிப்போச்சு. மறுபக்கம் பனை 6, கலப்பை 4, மணி 2, கூட்டிப் பாருங்கோ, 12. 12 வட்டாரத்தில 9ஐ வெண்ட கட்சி எதிர்வரிசையில இருக்கலாம். அநியாயம் எண்டு கத்துற ஆக்களுக்கு நான் சொல்லுறது, 9 வட்டாரத்தைப் பாக்காம 7,400 வாக்கைப் பாருங்கோ. 20,000ல 7,400, அது 37 சதவீதம். 63 சதவீதம் பேர் வேற ஆருக்கோ போட்டிருக்கினம். 37 சதவீத வாக்குக்கு 75 சதவீத ஆசனம் குடுக்கிறதுதான் அநியாயம்.

ஒரு கட்சிக்கு மொத்த உறுப்பினரில பாதிக்கு மேல இருந்தா அந்தக் கட்சியே மேயரை அல்லது தவிசாளரை அறிவிக்கும், போட்டி இல்லை. இல்லாட்டி முதல் கூட்டத்தில உள்ளூராட்சி ஆணையாளர் முன்னிலையில வாக்கெடுப்பு. பகிரங்கமாவோ இரகசியமாவோ எண்டதையும் முதல்ல உறுப்பினர்களே தீர்மானிப்பினம். சமனா வந்தா திருவுளச்சீட்டு. கொழும்பிலயும் 2025 யூனில இப்பிடித்தான் இரகசிய வாக்கெடுப்பில 61க்கு 54 எண்டு மேயர் தெரிவானவ. 48 பேர் வச்சிருந்த கட்சிக்கு மிச்ச 13 வாக்கு வெளியில இருந்து வந்திருக்கு. அந்த வருஷம் நாடு முழுக்க தேசிய மக்கள் சக்தி 265 சபையில முதலாவதா வந்தும் கனக்க இடத்தில மற்றக் கட்சியளோடயும் சுயேச்சைக் குழுக்களோடயும் இழுபறிப்பட்டதுக்குக் காரணம் இதுதான், அவையின்ர மொத்த வாக்கு 43 சதவீதம் அளவில, விகிதாசாரம் அதுக்கு ஏத்தமாதிரித்தான் ஆசனம் குடுக்கும்.

இப்ப எனக்கு மனசில கிடக்கிற விஷயத்துக்கு வாறன். பட்டியல்ல வாற உறுப்பினரை எங்கட ஊரில மதிக்கிறேல்ல. "உவர் ஆற்ற வாக்கில வந்தவர், பின்கதவால வந்தவர்" எண்டு முகத்துக்கு நேரயே சொல்லுவினம். மணிக் கட்சிக்குப் போட்ட 1,950 பேரை யோசியுங்கோ. அவை ஒண்டு ரெண்டு வட்டாரத்தில கூடி இருந்திருந்தா அதை லேசா வெண்டிருப்பினம், ஆனா அவை 12 வட்டாரத்திலயும் சிதறி இருக்கினம், ஒண்டில 120, இன்னொண்டில 200. எந்த வட்டாரத்திலயும் அவை வெல்லப்போறேல்ல. பட்டியல் இல்லாட்டி அந்த 1,950 பேருக்காகக் கதைக்க சபையில ஒரு கதிரைகூட இல்லை. எங்கட மாவட்டத்தில இது சும்மா கணக்கு இல்லை. தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு மூண்டு சனமும் இருக்கிற இடம், ஒரு பிரதேச சபைக்குள்ளயே ஒரு ஊர் ஒரு சனம், அடுத்த ஊர் வேற சனம், இடையில நாலஞ்சு வீடு தனிய. வட்டார எல்லையை எப்பிடிக் கீறினாலும் ஆரோ ஒருத்தர் சிறுபான்மையாத்தான் போவினம். கந்தளாயில இருக்கிற தமிழாக்களுக்கும், மூதூரில இருக்கிற சின்னச் சின்ன ஊர்ச் சனத்துக்கும், பட்டணத்துக்குள்ள அங்கொண்டும் இங்கொண்டுமா இருக்கிற குடும்பங்களுக்கும், மீன் பிடிக்கிற ஆக்கள் எண்டு ஒண்டாச் சேந்து சுயேச்சையாக் கேக்கிறவைக்கும் இந்த 40 சதவீதம்தான் கதவு. அது முன்கதவுதான்.

பட்டியல் முறையில பிழை இல்லை எண்டு நான் சொல்லேல்ல. பெரிய பிழை என்னெண்டா, பட்டியல்ல இருந்து ஆரை அனுப்புறது எண்டதைத் தீர்மானிக்கிறது கட்சிச் செயலாளர். நீங்க புள்ளடி போடேக்க அந்த ஆள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாது. வட்டாரத்தில தோத்தவரையே பட்டியலால உள்ளுக்கு எடுக்கிறதும் நடந்திருக்கு, ஒரு ஆசனத்தை ரெண்டு வருஷம் ஒருத்தர் ரெண்டு வருஷம் இன்னொருத்தர் எண்டு சுழற்சியில பங்கு போடுறதும் நடந்திருக்கு. சபை வேலை பழகவே ஒரு வருஷம் போகும், அதுக்குள்ள ஆளை மாத்தினா அந்த 1,950 பேருக்கும் என்ன பிரயோசனம்? இதைக் கட்சியளிட்ட நாங்கள் கேக்கவேணும், கேக்காம பட்டியல் உறுப்பினரை மட்டும் திட்டுறதில அர்த்தமில்லை.

பொம்பிளையளின்ர இடத்தையும் சொல்லாம விட ஏலாது. சபையில 25 சதவீதம் பெண்கள் இருக்கவேணும் எண்டு சட்டம் வந்ததும் இந்த முறையோடதான், வேட்புமனு குடுக்கேக்க வட்டார வேட்பாளரில 10 சதவீதமும் பட்டியல்ல பாதியும் பெண்களா இருக்கவேணும். 2018க்கு முதல் நாட்டில உள்ளூராட்சி உறுப்பினரில பெண்கள் 2 சதவீதம் அளவிலதான் இருந்தவை, 2018ல அது 20க்கு மேல ஏறினது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனா 25ஐத் தொடேல்ல, ஏன் எண்டதை மேல போட்ட கணக்கிலேயே பாக்கலாம். வள்ளம் 9 வட்டாரத்திலயும் ஆம்பிளையளை நிறுத்தி வெண்டுட்டுது எண்டு வையுங்கோ. பட்டியல்ல அதுக்கு ஒரு இடமும் இல்லை, அப்ப பெண்ணை எங்கால கொண்டுவாறது? 22 பேர் சபையில ஆகப் பெரிய கட்சியில ஒரு பெண்ணும் இல்லாமப் போகும். மணி மாதிரி, சுயேச்சை மாதிரி கொஞ்ச வாக்கோட ஒண்டு ரெண்டு ஆசனம் எடுத்த சின்னக் கட்சியளுக்கும் பெண்ணைப் போடவேணும் எண்ட கட்டாயம் இல்லை. மிச்சப் பாரம் முழுக்க பனையிலயும் கலப்பையிலயும்தான் விழும். வட்டாரத்திலேயே பெண்களை வெல்லக்கூடிய இடத்தில நிறுத்தினாத்தான் இது சரிவரும், பட்டியலை மட்டும் நம்பினா தொங்கு ஆசனம் வாற சபையில எல்லாம் இப்பிடித்தான் இடிக்கும்.

அடுத்தமுறை ஷீட் கையில வந்தா ஒரு கால்குலேட்டரும் வர்த்தமானியில போட்ட உறுப்பினர் தொகையும் இருந்தாக் காணும். செல்லுபடியான வாக்கைப் பிரியுங்கோ, கட்சி கட்சியா வகுத்து முழு இலக்கத்தை ஒரு பக்கமும் மிச்சத்தை மற்றப் பக்கமும் எழுதுங்கோ, மிச்சத்தில பெரிசில இருந்து ஆசனத்தைக் குடுத்துக்கொண்டு வாங்கோ, வட்டாரத்தைக் கழியுங்கோ. கட்சி பத்துப் பதினைஞ்சு இருந்தாலும் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள வந்திடும். பட்டியல்ல வாற ஆக்களின்ர பேர் அண்டைக்கே ஷீட்டில இருக்காது, கட்சிச் செயலாளர் எழுதிக் குடுத்து தேர்தலை நடத்துற தெரிவத்தாட்சி அலுவலருக்குப் போய் பிறகு வர்த்தமானியில வரும், அதுக்குக் கொஞ்ச நாள் பாத்திருக்கவேணும்.